மிடில் பிளாக்கராகத் தொழில்முறை வாலிபால் ஆடுவது எப்படி? பள்ளித் திடலிலிருந்து லீக் ஒப்பந்தம் வரை முழுமையான வழிகாட்டி

உயரமான ஒரு மாணவன் திடலுக்கு வந்தால், அவனை வலையின் நடுவில், அதாவது மிடில் பிளாக்கராக, நிறுத்தி, "அடிக்க வந்தால் தடு, லிஃப்ட் வந்தால் அடி" என்று சொல்லி அனுப்பிவிடுவது நம் ஊர்களில் வழக்கம். பள்ளி அளவில் இதுவே போதுமானதாகத் தோன்றும். மாவட்ட அணியைத் தாண்டி, அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் (லிஃப்ட் செய்யும்) வேகமான செட்டர் ஒருவரை எதிர்கொள்ளும் நாளில்தான் அந்த மாணவனுக்குத் தன் கால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதே தெரியவில்லை என்று வெளிப்படும்.

நான் பயிற்சியளித்த மிடில் பிளாக்கர்களில் பாதியில் நின்றுபோனவர்கள் பெரும்பாலும் உயரமோ தாவலோ குறைந்தவர்கள் அல்லர். கற்க வேண்டியவற்றை வரிசை மாற்றிக் கற்றவர்கள். அடியை முதலில் கற்று, தடுப்பைப் பிறகு கற்று, பார்வையைக் கடைசிவரை கற்காமல் விட்டவர்கள் அவர்கள். ஆகவே கீழுள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. தொடங்கும் முன் அளக்க வேண்டியவை

உடல் உயரத்தைவிடக் கையெட்டு முக்கியம். சுவரில் சாக்பீஸால் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: நின்றபடி இரு கைகளையும் தூக்கும்போது விரல்நுனி தொடும் உயரம், ஓடாமல் நின்ற இடத்திலிருந்து தாவி இரு கைகளால் தொடும் உயரம், ஓடிவந்து தாவி ஒரு கையால் தொடும் உயரம். இரண்டாவது அளவுதான் உங்கள் தடுப்பெட்டு.

ஆண்களுக்கான வலையின் உயரம் 243 செ.மீ., பெண்களுக்கானது 224 செ.மீ. தடுப்பெட்டு 300 செ.மீ. உள்ள ஓர் ஆணுக்கு வலைக்கு மேலே 57 செ.மீ. கிடைக்கிறது, கைகளை எதிர்ப்பக்கம் நீட்டும்போது அதிலும் ஒரு பகுதி குறைந்துவிடும். உயரம் ஒன்றையே நம்பி வருபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஓடிவந்து ஒரு கையால் தொட்ட அளவைத் தடுப்பெட்டாக எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. தேர்வு முகாமில் மறுபடியும் அளப்பார்கள் என்பதால், அதனால் கெடுவது உங்கள் பெயர் மட்டுமே.

பதினைந்து வயதுக்குள் இருப்பவர் இந்த இடத்தை மட்டுமே ஆடக் கூடாது. பந்தை வாங்குவதையும் லிஃப்ட் செய்வதையும் சேர்த்தே கற்க வேண்டும். அந்த வயதில் வகுப்பிலேயே உயரமாக இருப்பவர் அதற்குமேல் வளராமல் நின்றுவிடக் கூடும். அப்போது ஓர அட்டாக்கராக மாறுவதற்கு வேண்டிய அடிப்படை கையில் இருக்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் ஆகிய மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் இப்போதே பாருங்கள். வயதுப் பிரிவுப் போட்டிகளில் திறமைக் குறைவால் வெளியேறுவதைவிட வருத்தமானது, எழுத்துப் பிழையால் வெளியேறுவது.

2. சுழற்சியில் உங்கள் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

ஓர் அணியில் இரண்டு மிடில் பிளாக்கர்கள் எதிரெதிர் மூலையில் நிறுத்தப்படுவார்கள். அதனால் எந்தச் சுழற்சியிலும் ஒருவர் முன்வரிசையிலும் மற்றவர் பின்வரிசையிலும் இருப்பார். பின்வரிசைக்குப் போகும் மிடிலுக்குப் பதிலாகப் பெரும்பாலும் லிபரோ (பின்வரிசையில் மட்டுமே ஆடும் தற்காப்பு ஆட்டக்காரர்) உள்ளே வருவார். சர்வீஸ் செய்யும் முறை வரும்போது மட்டும் மிடில் பின்வரிசையில் களத்தில் இருப்பார். தன் அணி புள்ளியை இழந்ததும் அவர் வெளியேற, லிபரோ உள்ளே வருவார்.

இதனால் ஆட்டத்தின் கணிசமான நேரத்தை நீங்கள் கோட்டுக்கு வெளியே கழிப்பீர்கள். புதியவர்கள் அந்த நேரத்தை ஓய்வாக எண்ணுகிறார்கள். எதிரணியின் செட்டர், முதல் தொடுதலில் தமக்கு நல்ல பாஸ் வந்தபோது யாருக்குக் கொடுத்தார், நெருக்கடியில் யாரை நம்பினார் என்பதை அமைதியாகப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

விதிகளில் நான்கை மனத்தில் பதியுங்கள். தடுப்பில் பட்ட பந்து அணியின் மூன்று தொடுதல்களில் கணக்காகாது; தடுத்தவரே அதை மறுபடியும் தொடலாம். எதிரணியின் சர்வீஸைத் தடுக்கக் கூடாது. எதிரணி தன் தாக்குதல் அடியை முடிக்கும் முன் வலைக்கு அப்பால் கை நீட்டிப் பந்தைத் தொடக் கூடாது. பந்தை ஆடும் செயலின்போது, வலையின் இரு ஓரங்களிலும் நிற்கும் கம்பிகளான ஆண்டெனாக்களுக்கு நடுவிலுள்ள வலையைத் தொட்டால் தவறு. நடுவிலேயே நிற்பவர் என்பதால், நான்காவது விதியில் அதிகம் மாட்டிக்கொள்பவர் நீங்கள்தான்.

3. முதலில் கண்ணைப் பழக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். வேகமான ஆட்டத்தில், செட்டரின் விரலை விட்ட பந்து ஓரத்திலுள்ள அட்டாக்கரின் கைக்குப் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு நொடியே ஆகும். அதற்குள் நீங்கள் முடிவெடுத்து, நகர்ந்து, தாவியாக வேண்டும். தாமதமாகப் பார்த்தவரின் குறையை எந்தக் கால்வலுவும் ஈடுசெய்யாது.

சர்வீஸ் அடிக்கப்படும் முன்பே பார்வை தொடங்க வேண்டும். எதிரணி செட்டர் முன்வரிசையில் இருக்கிறாரா, பின்வரிசையில் இருக்கிறாரா என்று பாருங்கள். பின்வரிசையில் இருந்தால் முன்வரிசையில் மூன்று அட்டாக்கர்கள் இருப்பார்கள். முன்வரிசையில் இருந்தால் அட்டாக்கர்கள் இருவரே. ஆனால் இரண்டாவது தொடுதலிலேயே செட்டர் பந்தை உங்கள் பக்கம் தள்ளிவிட முடியும். இதை விரலால் காட்டியும் குரலால் சொல்லியும் பக்கத்திலுள்ள இரு தடுப்பாளர்களுக்கும் தெரிவிப்பது நடுவில் நிற்பவரின் கடமை.

பந்து ஆட்டத்தில் வந்தபின் கண் செல்ல வேண்டிய வரிசை இது: பந்து, செட்டர், மறுபடியும் பந்து, பிறகு அட்டாக்கர். முதலில் பாஸ் எங்கே விழப்போகிறது என்று பாருங்கள். வலையோரம் செட்டரின் தலைக்கு மேல் சரியாக வந்தால் எதிரணி மிடிலின் குயிக் அடி (செட்டர் தாழ்வாகக் கொடுக்கும் பந்தை உடனே அடிப்பது) உண்மையான ஆபத்து. பாஸ் மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னால் போய்விட்டால் குயிக் வருவது அரிது. உங்கள் மனத்தின் எடையை ஓரங்களுக்கு மாற்றலாம். அடுத்து செட்டரைப் பாருங்கள்: பந்து அவர் நெற்றிக்கு முன்னே இருக்கிறதா, தலைக்குப் பின்னே போயிற்றா, முதுகு வளைகிறதா. பந்து அவர் கையை விட்டதும் திசையைப் பிடித்துக்கொண்டு, உடனே கண்ணை அதிலிருந்து பறித்து அட்டாக்கரின் ஓட்டத்தின் மேலும் தோளின் மேலும் வைக்க வேண்டும்.

புதியவர்களின் பெரும்பிழை இங்கேதான். பந்தை அது போகும் வழியெல்லாம் கண்ணால் பின்தொடர்கிறார்கள். பந்து தன் திசையை மாற்றிக்கொள்ளாது, அட்டாக்கர் மாற்றுவார். ஆகவே பார்க்க வேண்டியவர் அவரே.

தடுப்பில் இரு வழிகள் உண்டு. பந்து எங்கே போகிறது என்று பார்த்தபின் நகர்வது ஒன்று. எதிரணி மிடிலோடு சேர்ந்து முன்கூட்டியே தாவிவிடுவது மற்றொன்று. முதலாவதைத்தான் முதலில் கற்க வேண்டும். இரண்டாவதில் தொடங்கியவருக்கு ஒவ்வொரு பொய்யான ஓட்டத்துக்கும் தாவும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. அதைப் பிற்பாடு கழற்றுவது கடினம்.

இதற்கான பயிற்சியில் தாவலே கிடையாது. எதிர்ப்பக்கம் செட்டர் ஒருவரும் அட்டாக்கர்களும் ஆட, நீங்கள் வலையருகே நின்று, பந்து செட்டரின் கையை விட்டவுடன் திசையைக் கையால் காட்டி உரக்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சரியாகச் சொல்ல வந்தபின் காலடியைச் சேருங்கள். தாவலை அதற்கும் பிறகு சேருங்கள். இந்தப் பயிற்சி சலிப்பூட்டும் என்பது உண்மை; ஆனாலும் விட்டுவிடாதீர்கள்.

அமெரிக்க அணியின் டேவிட் ஸ்மித் பிறவியிலேயே செவித்திறன் குறைந்தவர். 201 செ.மீ. உயரமுள்ள இந்த மிடில் பிளாக்கர் 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் வெண்கலம் வென்ற அணிகளில் ஆடினார். பாரிஸில் அவருக்கு வயது 39. இந்த இடத்தில் கண் எவ்வளவு தூரம் ஒருவரைக் கொண்டுசெல்லும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

4. வலையோரக் காலடிகள்

குறுகிய தூரத்துக்குப் பக்கவாட்டில் இரண்டு அடிகள் போதும்; தோள் வலையை நோக்கியபடியே இருக்கும். ஓரம்வரை போக மூன்றடி நகர்வு வேண்டும். வலப்பக்கம் போகிறீர்கள் என்றால் வலக்கால் அகலமான முதல் அடியை வைக்கும். இடக்கால் அதைத் தாண்டிக் குறுக்கே வரும். வலக்கால் மறுபடி வந்து மூடி, இரு பாதங்களும் வலைப்பக்கம் திரும்பி நிற்கும். இடப்பக்கம் போக இதையே கால் மாற்றிச் செய்ய வேண்டும்.

முதல் அடி சிறிதாக இருந்தால் மற்ற இரண்டும் அதை ஈடுசெய்ய ஓடும். உடல் நிற்காமல் காற்றிலும் பக்கவாட்டில் மிதந்துபோய்ச் சக தடுப்பாளர்மேல் மோதும். கடைசி அடி அந்தப் பக்கவேகத்தை மேல்நோக்கித் திருப்புவதற்காக வைக்கப்படுவது. இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டவர்களுக்குக் காலடி விரைவில் அமைந்துவிடுகிறது.

தடுக்கும் இடத்தைத் தீர்மானிப்பவர் ஓரத் தடுப்பாளர். நீங்கள் போய் அவரோடு சேர்ந்து இடைவெளியை மூடுபவர். இருவர் கைகளுக்கும் நடுவே பந்து புகும் அளவு இடம் விட்டால், பின்னால் நிற்பவர்களால் அதைக் கணித்து எடுக்கவே முடியாது. நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தால், உள்பக்கக் கையை மட்டும் நீட்டி அரைகுறையாகத் தாவுவதைவிட, நின்ற இடத்திலிருந்தே நேராகத் தாவி ஒரு பகுதியையாவது திடமாக மறைப்பது மேல்.

காலையில் தனியாகவே வலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இதைச் செய்து பழகலாம். பந்தும் வேண்டாம், தாவலும் வேண்டாம். இரு பக்கமும் ஒரே வேகம் வரும்வரை செய்யுங்கள். எல்லோருக்கும் ஒரு பக்கம் மெதுவாகத்தான் இருக்கும், தேர்ந்த செட்டர் அதை முதல் செட்டிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

5. கைகள்

காத்திருக்கும்போது கைகள் தோளுக்கு மேல் இருக்க வேண்டும். தொங்கவிட்ட கை மேலே வருவதற்குள் குயிக் பந்து கடந்துபோயிருக்கும். தாவியதும் தோள்களைக் காதுவரை உயர்த்தி, கைகளை வலைக்கு மேலே நேராக உயர்த்துவதற்குப் பதில், வலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் செலுத்துங்கள். விரல்களை அகல விரித்து விறைப்பாக வையுங்கள்.

மணிக்கட்டை மடக்கிப் பந்தை அடிக்கப் பார்ப்பது தவறு. அப்படிச் செய்யும்போது கைக்கும் வலைக்கும் நடுவே இடைவெளி திறந்து, பந்து உங்கள் பக்கமே வலையோரம் விழுகிறது. வெளிப்பக்கக் கையின் உள்ளங்கை களத்தின் நடுவை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். இல்லையேல் அட்டாக்கர் அதில் பந்தை உரசி வெளியே அனுப்பிப் புள்ளி எடுப்பார். அட்டாக்கர் வலையைவிட்டுத் தள்ளி அடிக்கிறார் என்றால் உங்கள் தாவலைச் சற்றுத் தாமதியுங்கள். பந்து வந்துசேர அவ்வளவு கூடுதல் நேரம் ஆகும்.

நேரடிப் புள்ளி தந்த தடுப்பையே எண்ணாதீர்கள். விரலில் பட்டு வேகம் குறைந்து பின்னால் எழும் பந்து அணிக்கு மறுதாக்குதலைத் தருகிறது. பயிற்சியில் அதையும் எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.

6. தடுப்பிலிருந்து குயிக் அடிக்கு

தடுத்து இறங்கியதும் பந்து போன பக்கமாகத் திரும்பி, மூன்று மீட்டர் கோட்டை நோக்கிப் பின்வாங்கி, உடனே மறுபடி ஓடிவர வேண்டும். புதியவர்கள் வலையிலேயே நின்று பந்தை வேடிக்கை பார்க்கிறார்கள். வலையோரம் நிற்பவரால் ஓடித் தாவ இயலாது. அவர் தாவமாட்டார் என்பதை எதிரணி மிடிலும் பார்த்துவிடுவதால், அவர் கவலையின்றி ஓரத்துக்குப் போய்விடுவார்.

இதனால்தான் லிஃப்ட் வராது என்று தெரிந்தாலும் முழு வேகத்தில் ஓடிவந்து தாவ வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். உங்கள் தாவல் எதிரணி மிடிலை அரை நொடி பிடித்து நிறுத்தினால், உங்கள் ஓர அட்டாக்கருக்கு எதிரே ஒருவர் மட்டுமே தடுக்க நிற்பார். அந்தப் புள்ளி ஏட்டில் அவர் பெயரில் எழுதப்படும், நல்ல பயிற்சியாளர் அது யாருடையது என்று அறிவார்.

குயிக் அடியில், பந்து செட்டரின் கையில் இருக்கும்போதே நீங்கள் காற்றில் இருக்க வேண்டும், அடிக்கும் கை பின்னால் தயாராக இருக்க வேண்டும். பெரிய வீச்சுக்கு நேரமில்லை. முழங்கையும் மணிக்கட்டும் செய்யும் குறுகிய அடியே உதவும். முதலில் செட்டருக்கு முன்னாலுள்ள குயிக், பிறகு பின்பக்கக் குயிக், அதன்பின் செட்டரைவிட்டு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வரும் தாழ்ந்த வேகப் பந்து என்ற வரிசையில் கற்றுக்கொள்ளுங்கள். பெண்கள் ஆட்டத்தில், செட்டரின் பின்னால் பக்கவாட்டில் ஓடி ஒற்றைக்காலில் தாவி அடிப்பதும் கட்டாயம் வேண்டும்.

அணிப் பயிற்சி முடிந்ததும் செட்டரோடு தனியே சிறிது நேரம் செலவிடுங்கள். எந்த உயரத்தில் பந்து வேண்டும் என்பதை அவரிடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

7. சர்வீஸும் பின்வரிசையும்

லிபரோ இருக்கிறார் என்று சர்வீஸை அலட்சியம் செய்யும் மிடில்கள் அதிகம். நடுவர் விசில் ஊதியபின் சர்வீஸ் செய்ய 8 நொடிகள் உண்டு. அதை முழுவதும் பயன்படுத்துங்கள். சுழலாமல் மிதந்து செல்லும் தாவு சர்வீஸ் ஒன்றை நம்பகமாக வைத்திருந்தால் போதும். சர்வீஸ் செய்தபின் களத்தில் நீங்களே பின்வரிசை ஆட்டக்காரர் என்பதால், எளிய பந்துகளை எடுக்கவாவது தெரிந்திருக்க வேண்டும்.

8. முழங்கால், கணுக்கால், விரல்

தடுப்புக்கும் பொய்த்தாவலுக்கும் சேர்த்து அணியில் மிக அதிகமாகத் தாவுபவர்களில் நீங்கள் ஒருவர். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணில் வரும் வலி இந்த இடத்தின் தொழில்நோய். நம் ஊரில் சிமென்ட் தளத்திலும் இறுகிய மண்ணிலும் ஆடுகிறோம் என்பதால் இன்னும் கவனம் தேவை. கடினத் தளத்தில் காலடிப் பயிற்சியையும் பார்வைப் பயிற்சியையும் வைத்துக்கொண்டு, தாவல் பயிற்சியை மரத்தளமோ செயற்கைத் தளமோ கிடைக்கும் நாளுக்கு ஒதுக்குங்கள்.

எடைப் பயிற்சியில் முதலில் கற்க வேண்டியது தரையிறங்குவது: இரு கால்களிலும், முழங்கால் உள்ளே சாயாமல், சத்தம் குறைவாக. அதன்பின் ஸ்குவாட், இடுப்பை மடக்கி எடை தூக்கும் பயிற்சிகள், கெண்டைக்கால் பயிற்சிகள். வலி மறுநாள் காலையிலும் நீடித்தால் தாவல்களைக் குறைத்து, விளையாட்டு இயன்முறை மருத்துவரைப் பாருங்கள். வலிமாத்திரை போட்டுக்கொண்டு தேர்வு முகாமுக்குப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அது மாதங்களைத் தின்றுவிடும்.

கணுக்கால் சுளுக்கு பெரும்பாலும் வலைக்கு நேர்கீழே, இன்னொருவர் பாதத்தின் மேல் இறங்கும்போது நேர்கிறது. நேராகத் தாவி நேராக இறங்கும் காலடியே அதற்கான முதல் காப்பு. விரல்களுக்கு, பக்கத்து விரலோடு சேர்த்து டேப் ஒட்டுவது போதுமானது.

ஊக்கமருந்துப் பரிசோதனை தேசியப் போட்டிகளிலிருந்தே உண்டு. சளி மருந்தாயினும் புரதப் பொடியாயினும், அணி மருத்துவரிடம் காட்டாமல் எதையும் உட்கொள்ளாதீர்கள்.

9. பள்ளியிலிருந்து வேலை வரை

தமிழ்நாட்டில் பாதை ஏறத்தாழ இப்படிப் போகிறது. பள்ளிக் கல்வித் துறையின் குடியரசு தினப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை ஆகியவற்றில் கண்ணில் படுவது முதல் படி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கான தேர்வு அடுத்தது. விடுதியில் தினமும் இருவேளைப் பயிற்சியும் உணவும் கிடைப்பது உயரமாக வளரும் உடலுக்குப் பெரிய உதவி. அதன்பின் மாவட்ட, மாநில அணிகள் வழியாக வயதுப் பிரிவுத் தேசியப் போட்டிகள். பிறகு கல்லூரி அணி, அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகள்.

வருமானம் என்பது இந்தியாவில் இன்றும் முதன்மையாக வேலை வழியாகவே வருகிறது. இரயில்வே, வருமான வரித் துறை, காவல்துறை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்றவற்றின் அணிகளில்தான் தலைமுறைகளாக நம் ஆட்டக்காரர்கள் நிலைபெற்றார்கள். தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. லீக் கனவுக்காகப் படிப்பை நிறுத்துவோரிடம் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: இந்த வேலைகள் பலவற்றுக்குப் பட்டமும் கேட்கப்படும், நிறுத்தாதீர்கள்.

எந்தப் போட்டிக்குப் போகும் முன்பும், அதை நடத்தும் அமைப்பின் சான்றிதழ் வேலைக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் ஏற்கப்படுகிறதா என்று அறிவிக்கையைப் படித்து உறுதி செய்யுங்கள். அங்கீகாரமில்லாத இணைச் சங்கங்கள் நடத்தும் போட்டிகளில் ஆடி, பெட்டி நிறையச் சான்றிதழ் சேர்த்து, ஒன்றும் செல்லாமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

10. லீக் ஒப்பந்தமும் அதற்கு அப்பாலும்

2022இல் தொடங்கிய பிரைம் வாலிபால் லீக்கின் முதல் பருவத்தைக் கொல்கத்தா தண்டர்போல்ட்ஸ் வென்றது. அதன் தலைவர் அஷ்வல் ராய் ஒரு மிடில் பிளாக்கர். இந்த லீக்கில் செட் 15 புள்ளிகளுக்கு ஆடப்படுகிறது. 25 புள்ளி ஆட்டத்தில் எதிரணி செட்டரைப் படிக்க உங்களுக்குச் சில சுழற்சிகள் கிடைக்கும், இங்கே கிடைக்காது. ஆகவே காணொளி பார்த்துக் குறிப்பெடுப்பதை ஆட்டத்துக்கு முந்தைய நாளே முடித்தாக வேண்டும்.

அணிகளுக்கு அனுப்பும் காணொளியில் வெற்றி அடிகளை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். வெட்டாத ஒரு முழு செட்டையும் சேருங்கள். பந்து வராதபோது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் மிடிலைத் தேடும் பயிற்சியாளர் பார்ப்பார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் காயமுற்றால் சம்பளமும் மருத்துவச் செலவும் யார் பொறுப்பு, பணம் எந்தத் தவணைகளில் வரும், பருவம் நீண்டால் என்ன ஆகும் ஆகியவற்றை எழுத்தில் பாருங்கள். வேலையில் இருப்பவர் தம் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றிதழை முதலில் பெற வேண்டும். வெளிநாட்டுக் கிளப் அணிக்கு ஆடுவதாயின், சர்வதேச வாலிபால் சம்மேளனத்தின் விதிப்படி பன்னாட்டு மாற்றுச் சான்றிதழ் கட்டாயம். அதற்கு உங்கள் நாட்டுச் சம்மேளனத்தின் ஒப்புதலும் வேண்டும். இது முடியும் முன் பயணச்சீட்டு வாங்காதீர்கள். உரிமம் பெற்ற முகவர் வழியாக மட்டுமே பேசுங்கள்.

பார்வையும் காலடியும் சரியாக அமைந்த மிடில் பிளாக்கருக்கு இந்தத் தொழில் முப்பது வயதுக்குப் பிறகும் நீடிக்கும். 1987இல் பிறந்த எடா எர்டெம், 2023இல் துருக்கி பெண்கள் அணி நேஷன்ஸ் லீக்கையும் ஐரோப்பியப் பட்டத்தையும் வென்றபோது அதன் தலைவராக நடுவில் ஆடிக்கொண்டிருந்தார். வேறு இடத்திலும் அடிக்கத் தெரிந்து வைத்திருப்பதும் பயன் தரும். 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதியில் பிரேசிலிடம் 0-2 என்று பின்தங்கியிருந்த ரஷ்யா, தன் 218 செ.மீ. உயர மிடில் பிளாக்கர் திமித்ரி முசெர்ஸ்கியை, செட்டருக்கு எதிர்மூலையில் ஆடும் அட்டாக்கராக மாற்றியது. அவர் 31 புள்ளிகள் எடுக்க, அணி 3-2 என்று தங்கம் வென்றது. வாரத்தில் ஒரு நாளாவது உயரமான லிஃப்டை ஓரத்திலிருந்து அடித்துப் பழகுங்கள்.